எங்கள் தெரு வழியாக வந்தவர்கள்

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்தவர். காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வண்டியில் நின்று நின்றே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். வீட்டிலும் அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. காபியையும் நின்றபடியே குடிப்பார், பேப்பரையும் நின்றபடியே படிப்பார். ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே முடக்குவாதம் வந்தது. முதலில் காலையில் எழுந்ததும் கைவிரல்கள் மடங்கவில்லை. அப்புறம் முழங்கால் இரண்டும் வீங்கின.

எனக்கும் முழங்கால் வலி உண்டு. ஆனால் என்னுடையது வெறும் தேய்மானம், அவருடையது உடம்பு முழுக்கப் பரவும் நோய் என்று டாக்டர் சொன்னார். இரண்டு பேருமே நடக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சுகாதார மையத்தில் பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒரு நடைக்குழு ஆரம்பித்தாள். மூட்டுவலிக்காரர்களும் வயதானவர்களும் காலையில் வரதராஜர் கோயில் கோபுரத்துக்கு முன்னால் கூடி, மாடவீதியைச் சுற்றி மெதுவாக நடக்க வேண்டும்.

"பேசிக்கினே நடங்க. பேச முடியாம மூச்சு வாங்குச்சுன்னா வேகமா போறீங்கன்னு அர்த்தம். வலிச்சா நின்னுடுங்க, வெக்கப்படாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

இவருக்கு அது பிடித்துப்போயிற்று. எல்லோருக்கும் பின்னால்தான் வருவார். "முன்னாடி போறவங்க கொஞ்சம் நில்லுங்கபா, ஆள் வந்துக்கினு இருக்குது" என்று குரல் கொடுப்பார். எல்லோரும் வந்து சேர்ந்ததும் "ரைட், போலாம்" என்பார். கூட்டம் சிரித்துக்கொண்டே நகரும். தறிக் குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து நெய்தே முழங்கால் போன அம்மா ஒருவர் எங்களோடு வருவார். அவர்தான் குழுவிலேயே மெதுவாக நடப்பவர். அவருக்குத் துணையாக இவரும் அதே நடையில் நடப்பார். அந்தம்மா இவரை அண்ணா என்று கூப்பிடுவார்.

மழைக்காலம் வந்ததும் இவருக்கு வலி ஏறியது. ஒரு நாள் மாடவீதியில் பாதி தூரம் போனவர் ஒரு புடவைக்கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. முகத்தை ஷட்டர் பக்கமாகவே வைத்திருந்தார். நான் தோளைப் பிடித்தேன். அவர் பாரத்தை என்னால் தாங்க முடியவில்லை. பிசியோ பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டோவில் ஏற்றினார்கள்.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். இது வேலை செய்ய மாதக்கணக்காகும், பொறுமையாக இருங்கள் என்றார். நானும் நடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன்.

"நீ போமே. நீயும் உக்காந்துட்டா ரெண்டு பேரையும் யாரு தூக்கறது?" என்றார்.

போனேன். திரும்பி வந்ததும் யார் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்பார். கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார். நானும் சொல்லாமல் விட்டேன்.

தறிக்காரம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அண்ணாவ பாக்காம ஒரு மாதிரி இருக்குதுமா. நாளையிலருந்து உங்க தெரு வழியா போலாமே. வாசல்ல சேர் போட்டு உக்காரட்டும், பாத்துட்டுப் போறோம்" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவரைக் குளிக்க வைத்து, சலவைச் சட்டை போட்டு, வாசலில் உட்கார வைத்தேன். கூட்டம் வந்தது. அவரைச் சுற்றி நின்று ஒவ்வொருவராக விசாரித்தார்கள். பிசியோ பெண் குனிந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். சீக்கிரம் நடந்துவிடுவீர்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர் சிரித்தபடியே இருந்தார். கைகளை மட்டும் மடியில் கிடந்த துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும், "நாளைக்கு சேர் போடாத" என்றார்.

"ஏங்க?"

"எல்லாரும் குனிஞ்சி பேசறாங்கமே. கொழந்தகிட்ட பேசற மாதிரி."

அடுத்த நாள் பேச்சுக்குரல் தூரத்தில் கேட்டதுமே சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வாசலில் வந்து நின்றவர்களிடம், குளிக்கிறார் என்றேன்.

"மெதுவா வரட்டும்மா, நாங்க நிக்கறோம்" என்றார் தறிக்காரம்மா.

உள்ளே அவர் எவ்வளவு நேரம் நிற்பார்? வழுக்கும் தரை, வீங்கின விரல்களால் குழாயைப் பிடித்திருப்பார். விழுந்தால் கதவை யார் திறப்பது? வாசலில் நிற்பவர்களும் வலியோடு நிற்பவர்கள். வலியோடுதான் அவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறார்கள். போங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அவரை வெளியே வரச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நிலைப்படியில் நின்று எதையோ பேசிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகும் பல நாள் இதேதான். அவர்கள் வருவார்கள், இவர் உள்ளே போய்விடுவார், நான் ஏதாவது பொய் சொல்வேன். கடைசியில் ஒரு காலை, அவர்களோடு தெருமுனை வரை நடந்து, தறிக்காரம்மாவைத் தனியே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகம் வாடிப்போயிற்று. "தப்பு பண்ணிட்டோமாம்மா?"

"தப்பெல்லாம் இல்லம்மா. அவரால தாங்க முடியல. எனக்கும் என்ன பண்றதுன்னு தெரியல."

குழு எங்கள் தெருவுக்கு வராமல் பழையபடி மாடவீதியோடு நின்றுகொண்டது. அவர்கள் வராத முதல் நாள் நானும் நடக்கப் போகவில்லை, வீட்டில்தான் இருந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பித்தான்களை அவரே எப்படியோ போட்டிருந்தார். பால்காரர் வண்டி போனது. பள்ளிக்கூட வேன் போனது.

"இன்னிக்கு வர்லியா அவங்க?"

"நீங்க வேணான்றீங்கன்னு நான்தான் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா" என்று மட்டும் சொன்னார்.

"வரச் சொல்லட்டுமா?"

மேல் பித்தானைத் தடவிக்கொண்டே, "வேணாம்" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கே தெர்லமே" என்றார்.

என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். எதைச் சொன்னாலும் அது அவர் காதில் குனிந்து பேசுவது போலத்தான் விழும் என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெயை எடுத்து அவர் விரல்களில் தடவினேன். வலிக்கிறது என்று கையை இழுத்துக்கொண்டார்.

இப்போது வீக்கம் சில நாள் வடிகிறது, சில நாள் ஏறுகிறது. வடிந்த நாளில் என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடக்கிறார். வாசல்பக்கம் வருவதில்லை. நான் காலையில் நடக்கப் போகிறேன். போகும்போது திரும்பிப் பார்க்காமல்தான் போகிறேன். அவர் எப்படி இருக்கிறார் என்று தறிக்காரம்மா தினமும் கேட்கிறார். அப்படியேதான் இருக்கிறார் என்கிறேன். அந்தம்மா தலையாட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டு பேரும் மெதுவாக நடக்கிறோம்.