நாடகத்துப் பெண்ணைச் சாக்கிட்டு

எழுபதுகளில் வேலந்தாவளத்தில் எங்கள் தெருவில் வானொலிப் பெட்டி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தொடர் நாடகம் தொடங்குமுன் பெண்கள் கைவேலையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

நாடகத்தில் ஒரு பெண். கணவன் அடித்தான் என்று பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் என் மகளும் பொள்ளாச்சிப் பக்கத்துப் புகுந்த வீட்டிலிருந்து தனியாக வந்து இறங்கினாள். தோளுக்குக் கீழே, பின்புறமாக, சூட்டுக் காயம். அடுப்பு பட்டுவிட்டது என்றாள். அடுப்பு அந்த இடத்தில் சுடாது. விடாமல் கேட்டதும், மாப்பிள்ளை வைத்த சூடு என்று சொன்னாள். தெருவில் நான், சும்மா இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.

யாரும் நம்பவில்லை. ஆனால் என் மகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாடகத்துப் பெண்ணைப் பற்றித்தான் பேசினார்கள்.

"ஆம்பளைன்னா ஒரு அடி அடிக்காமயா இருப்பான்? அதுக்குன்னு பொட்டியத் தூக்கிட்டு வந்தர்றதாக்கும்?" என்றாள் கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி.

"படிக்க வெச்சா இப்படித்தான்," என்றார் என் கணவரின் அக்கா. நங்கை என்று கூப்பிடுவேன். "நான் நாடகத்துப் புள்ளையச் சொன்னேன் அம்மிணி."

நானும் நாடகத்தையே சாக்கிட்டுப் பதில் சொன்னேன். "ஏனுங்க நங்கை, கை நீட்டுனவன உட்டுப்போட்டு ஓடி வந்தவளத்தான் எல்லாரும் வைவீங்களா?"

சிரித்தார்கள். அப்படித் திட்டியவர்களே, நாடகத்துப் பெண் அழுதால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவார்கள். கதவோரம் நின்ற என் மகளுக்கு அதில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஒரு வாரம் நாடகத்தில் கணவனுக்குக் காய்ச்சல். அவள் பெட்டியோடு திரும்பிப் போனாள். அவன் மன்னிப்புக் கேட்டான். எங்கள் கூடத்தில் கல்யாணக் களை.

"பாத்தயா கண்ணு, அவன் திருந்தீட்டான்," என்று நங்கை முதல்தடவையாக என் மகளைப் பார்த்தே சொன்னார்.

அவள் உள்ளே போனாள். பின்னாலேயே போனேன். சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ போனதுக்கு எல்லாருக்கும் எத்தன சந்தோசம் பாத்தயாம்மா?"

பையைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்தேன். கூடத்துக்கு வந்து வானொலியை நிறுத்தினேன்.

"நங்கை, அந்த மாப்பிள்ளை திருந்துனான்னா அது கத எழுதுறவங்க திருத்துனது. நம்ம மாப்பிள்ளைய ஆருங்க எழுதறாங்க? எம் புள்ளைக்குச் சூடு வெச்சிருக்கான். நான் அனுப்ப மாட்டேன்."

"என்ற தம்பி மானம் என்னாகும்?"

"போகட்டுங்க."

பக்கத்து வீட்டுக்காரி உடைத்த கடலைக்காயை மடியில் அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த ஞாயிறு பாதிப் பேர் வரவில்லை. நங்கை வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. என் மகளே வானொலியைப் போட்டாள். கதவோரம் போகாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள். நாடகத்துப் பெண் மாமியாருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டா பாரு, கிறுக்கி," என்றாள் என் மகள், எல்லார் காதிலும் விழும்படி.