ராணியம்மாளின் வயிறும் இரண்டு கார்களும்

மானாம்பதியில் ராணியம்மாளுக்குப் பயந்தவர்கள் நிறைய. நெல் மூட்டை எடை போடுகிறவனிலிருந்து, வரப்பை அரை முழம் தள்ளி வெட்டுகிற பக்கத்துக் கழனிக்காரர் வரைக்கும் பட்டியல் நீளும். ராணியம்மாள் பயந்ததோ ஒன்றே ஒன்றுக்குத்தான். கதவு மூடிய வண்டி. பஸ்ஸோ வேனோ காரோ, ஏறி உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆனால் போதும், காலையில் தின்ற நாஷ்டா வெளியே வந்துவிடும்.

அவள் ஒன்றும் நோஞ்சான் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் புருஷன் சடையப்பனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, நடவு நேரத்தில் அவர் படுத்துக்கிடந்தார். ஆள் கிடைக்கவில்லை. ராணியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிராக்டரில் ஏறிவிட்டாள். ஊர் ஒரு வாரம் வாய் ஓயாமல் சிரித்தது. அடுத்த வாரம், எங்கள் கழனிக்கும் ஓட்ட வருவாயா என்று கேட்டது. உத்திரமேரூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் வேதகிரி மூலமாக முறையாக லைசென்சும் எடுத்துவிட்டாள். இப்போது ஐம்பத்தாறு வயது, இன்னும் அந்த சீட்டை லேசில் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்படிப்பட்டவளை மகள் பிரபாவின் கல்யாணம் ஒரே நாளில் சாய்த்துவிட்டது. மாப்பிள்ளை ஊர் ஓசூர். பெண்ணைக் கொண்டுபோய் விட வேனில் கிளம்பினாள். காஞ்சிபுரம் தாண்டவில்லை. பட்டுப்புடவை நாறி, சம்பந்தி வீட்டார் மூக்கைப் பொத்தி, இறக்கிவிடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டு, ஆட்டோ பிடித்துத் திரும்பினாள். அதற்குப் பிறகு நாலு வருஷம் ஓடிவிட்டது. மகள் குடியிருக்கிற வீட்டை அவள் பார்த்ததே இல்லை. போனில் மகளுடைய முகமும் அதற்குப் பின்னால் கொஞ்சம் சுவரும் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது பிரபாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஆனால் டாக்டர், படுக்கையைவிட்டு அதிகம் அசையக் கூடாது, பிரயாணமே ஆகாது என்று சொல்லிவிட்டார். பெண் வர முடியாதென்றால் தாய்தான் எழுந்து போக வேண்டும். ராணியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

எப்படியும் ஒரு கார் வாங்குவதென்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகன் தினேஷ்குமாருக்கு பேட்டரி காரில் மோகம். சாதாரண பேட்டரி காரில்லை. கூரையெல்லாம் கண்ணாடி, சீட்டெல்லாம் வெண்ணெய் நிறத் தோல், உள்ளே டிவி போல ஒரு திரை. சடையப்பனுக்கு அவர் வயதுக்காரர்கள் எல்லோரையும் போல டிக்கி வைத்த பெட்ரோல் கார்தான் கார்.

"ம்மா, உனுக்கு பெட்ரோல் வாசனதான ஒத்துக்கல? இதுல பெட்ரோலே கெடியாது" என்றான் தினேஷ்.

"வழில சார்ஜ் போச்சின்னா இன்னாடா பண்ணுவ? எவன் பம்புசெட்லேர்ந்து ஒயர் இய்ப்ப?" என்றார் சடையப்பன்.

"நைனா, ரோடு முச்சூடும் சார்ஜ் போட எடம் கீது."

"கீது கீதுன்னு சொல்லிக்கினே இரு. உத்திரமேரூர்ல ரிப்பேர் பாக்க ஆளு கீதா?"

இப்படியே மூன்று நாள். கடைசியில் தினேஷ்தான் தீர்ப்புக்கு வழி சொன்னான். ரெண்டு ஷோரூமிலும் ஓட்டிப் பார்க்க வண்டியை வீட்டுக்கே கொண்டுவருவார்கள். அம்மா எதில் வாந்தி எடுக்காமல் போய்வருகிறாளோ அதுதான் நம் கார். ஆக, ஊர் உலகமெல்லாம் மைலேஜும் விலையும் பார்த்துக் கார் வாங்க, இந்த வீட்டில் ராணியம்மாளின் வயிறு தராசாயிற்று.

முதலில் வந்தது பெட்ரோல் கார். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தாள். ஏரிக்கரையின் ரெண்டாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சடையப்பன் முகம் தொங்கிப்போயிற்று.

மறுநாள் பேட்டரி கார். தெருவே கூடிவிட்டது. உள்ளே ஏறியதும் ராணியம்மாள் ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். பெட்ரோல் வாசனை துளியும் இல்லை. சத்தமும் இல்லை. அவளுக்கே நம்பிக்கை வந்து மகனைப் பார்த்துச் சிரித்தாள். பாவம், சிரித்திருக்க வேண்டாம். ஓட்டிய ஷோரூம்காரர் காலை அழுத்தினால் வண்டி தாவியது. காலை எடுத்தால் யாரோ பின்னாலிருந்து இழுப்பது போலத் தயங்கியது. ஏரிக்கரை வருவதற்கு முன்பே, வெண்ணெய் நிற சீட்டில்.

"ஊஞ்சல்ல போட்டு ஆட்ற மாதிரி கீதுடா" என்றாள் கண்ணீரோடு. ஷோரூம்காரர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் தானே பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து சீட்டைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள்.

"பெட்ரோலே இல்ல, அப்பறம் இன்னாத்துக்கு வாந்தி?" என்று சடையப்பன் கத்தினார். மனைவி மேல் கோபமில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்.

மறுநாள் காலையில் சேற்றுழவு. துக்கம் என்றால் கழனி காத்திருக்குமா? ராணியம்மாள் டிராக்டரில் ஏறினாள். டிராக்டர் சேற்றில் முக்கி முனகி, வலமும் இடமுமாக அலைந்தது. டீசல் புகை நேராக மூஞ்சியில் அடித்தது. நாலாவது சுற்றில் திடீரென்று இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வரப்பில் நின்ற சடையப்பன் பதறிப்போனார். "இன்னா ராணி, ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்லீங்க. அதான் யோசிக்கறேன். இம்மாம் பொகை, இம்மாம் ஆட்டம், எனுக்கு ஒண்ணுமே ஆவலியே. பதினோரு வருசமா ஒரு நாளு கூட ஆவலியே."

"அது தெறந்த வண்டி."

"போன மாசம் நம்ம மூட்டைய ஏத்திக்கினு போவும்போது, தெறந்த டிரெய்லர்லதான உக்காந்தேன். தினேசு ஓட்டுனான். வாந்தி எடுத்தேனா இல்லியா? அதே டிராக்டருதான. வண்டில இல்லீங்க கொறை. நானு ஓட்னா வரல. வேற யாராச்சும் ஓட்னா வருது."

சடையப்பன் சேற்றில் காலை வைத்தது தெரியாமல் நின்றார். "அப்ப இத்தினி வருசமா நீ உக்காந்த சீட்டுதான் தப்பா?"

அன்றைக்கே வேதகிரியைத் தேடிப் போனார்கள். "அக்கா, உன் லைசென்சு காருக்கும் சேத்துதான். யாரும் கேக்கல, நீயும் ஓட்டல" என்றார் அவர். பத்து நாள் தன் ஸ்கூல் காரில் பழக்கிவிட்டார். பத்து நாளில் அவள் வயிறு ஒரு முறை கூட முணுமுணுக்கவில்லை. மூன்றாம் நாள் ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டே ஓட்டினாள்.

பிறகு ரெண்டு கார்களும் மறுபடி வந்தன. இந்த முறை தராசு ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தது. பேட்டரி காரை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கியர் இல்லை, கிளட்ச் இல்லை; காலை எடுத்தால் தானே தயங்குகிற அந்தக் குணம், ஓட்டுகிறவளுக்கு வசதியாகவே இருந்தது. தினேஷ் பின் சீட்டில் ஜெயித்துவிட்டவன் போல இருந்தான். சம்பா நெல் அறுத்த சமயம், ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தெரு தாயாரம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு காலால் நெல்லைத் துழாவியபடி நடந்தாள். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். காதுதான் அவர்களுக்கு முதுகுப்புறக் கண். இந்த வண்டியின் மெல்லிய முனகலோ அவள் காதில் விழவில்லை. ராணியம்மாள் வெகு முன்னாலேயே நிறுத்திவிட்டு ஹாரனை அடித்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கார் நிற்பதைத் திரும்பிப் பார்த்த தாயாரம்மாள் நெல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பேய் மாதிரி வரியே ராணி! சொல்லிட்டு வரக் கூடாதா?"

ராணியம்மாள் மகனிடம் திரும்பினாள். "நல்ல வண்டிடா. ஆனா நம்ம ரோட்டுக்கு சொல்லிட்டு வர்ற வண்டிதான் வோணும். எனுக்கும் இன்ஜின் சத்தம் கேட்டாத்தான் கை ஓடும்." தினேஷுக்கு வருத்தம்தான். ஆனாலும், வண்டி ஓட்டுகிற அம்மாவோடு யார் வாதாட முடியும்? பெட்ரோல் கார் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். ராணியம்மாள் ஓட்ட, சடையப்பன் பக்கத்தில், தினேஷ் பின்னால். காஞ்சிபுரம் தாண்டும்போது சடையப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி என்று பலகைகள் வந்து போயின. ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள், புதிதாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி.

ஓசூரில் பிரபா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறந்து அம்மா இறங்கியதும் காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாந்தி எடுத்தியாம்மா?" என்றாள்.

"நானு எடுக்கல. உங்க நைனாதான், ஆம்பூர்கிட்ட ஒருக்கா, சூளகிரிகிட்ட ஒருக்கா."

சிரித்தும் அழுதும் முடித்தபிறகு பிரபா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கடைசியில் இருந்தது ஒரு சின்ன அறை. ஒற்றைக் கட்டில், மடிப்புக் கலையாத போர்வை. ராணியம்மாள் யாருடையது என்று கேட்டாள்.

"உன்துதான்" என்றாள் பிரபா. "கல்யாணமாயி வந்த மாசமே போட்டது. யாரு வந்தாலும் கூடத்துலதான் பட்த்துக்கணும். இதுல யாரையும் உட்டதில்ல."

நாலு வருஷமும் இந்தப் பெண் ஒரு தடவைகூட வா என்று வற்புறுத்தியதில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டதுமில்லை. ராணியம்மாள் போர்வையைத் தடவிப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபிறகு எழுந்திருக்க மனசே வரவில்லை.