போர்டுத் தழைக் கூட்டு

எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போன வருஷங்களில் சம்பூர்ணத்தின் முழங்கையில் கரும்புச் சோகையின் இலை கிழித்த கீறல் ஆறியதே இல்லை. வேலை முடிந்து வரும்போது வாய்க்கால் ஓரம் மண்டிக் கிடக்கும் கரிசலாங்கண்ணியை மடி நிறையப் பறித்துவந்து பருப்போடு கடைவாள். அதைத் தின்றுதான் அவளும் வளர்ந்தாள், அவள் பிள்ளைகளும் வளர்ந்தார்கள். 2004இல், வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் தன் ஊர்த் தொடக்கப் பள்ளியிலேயே சத்துணவுச் சமையல் வேலை கிடைத்ததும், கரும்புக் கத்தியைக் கூரையில் செருகினாள். இனி அதைத் தொடுவதில்லை என்று முடிவு.

மழை பிடித்த வாரத்தில் காய்கறி வரவில்லை. பள்ளிக்குப் பின்னால் வரப்பு நெடுக வெள்ளைப் பூவோடு கரிசலாங்கண்ணி. பறித்துப் பொடியாக நறுக்கிச் சாம்பாரில் போட்டாள். அங்கேதான் தவறிவிட்டாள். அந்தப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைதோறும் அதே தழையைக் கரியோடு அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுகிறவர்கள். போதாததற்குச் சாம்பாரும் கருத்திருந்தது.

“அக்கா, இது போர்டுக்குப் பூசுற தழதானே?” ஐந்தாம் வகுப்புச் சிந்து தட்டைத் தள்ளினாள்.

“தின்னா வயிறு போர்டாயிடும்!” என்றான் நாலாம் வகுப்பு அரவிந்தன். “அக்கா, தொட்டுக்க சாக்பீஸ் இருக்கா?”

பள்ளிக்கூடமே சிரித்தது. சோறு முழுக்க நாய்க்குப் போயிற்று. மறுநாள் தாய்மார்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

தலைமையாசிரியர் அண்ணாதுரை நல்ல மனிதர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவ சோறு மிஞ்சிச்சுன்னா வேற ஆளப் போடச் சொல்லி எழுதிடுவேம்மா. அப்புறம் என்னயக் குத்தம் சொல்லாத.”

வேறொருத்தியாக இருந்தால் அந்தத் தழையின் பக்கமே போயிருக்க மாட்டாள். இவளுக்கு ஏன் அந்தப் புத்தி வரவில்லை? துணிச்சல் என்பதா, வெறும் பிடிவாதமா? தன் பிள்ளைகளை வளர்த்த கீரையை நாய்க்குப் போட்டது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகள் தழை பறிக்க இறங்கியபோது அவளும் வரப்பில் நின்றாள்.

“போர்டுக்குப் போக மிச்சத்த எனக்குக் குடுங்க. நாலாம் கிளாஸ் பறிச்சது ஒரு சட்டி, அஞ்சாம் கிளாஸ் பறிச்சது ஒரு சட்டி. எது ருசின்னு பாத்துடுவோம்.”

“எங்களுதுதான்!” என்றான் அரவிந்தன்.

“போடா, நீ பறிக்கறது பூரா முத்தல். நாங்க கொழுந்தாப் பறிப்போம்,” என்றாள் சிந்து.

அதற்கப்புறம் போர்டு யார் நினைப்பிலும் இல்லை. முட்டி வரை சேறோடு வந்து ஆளுக்கொரு கை கொழுந்தைக் கொட்டினார்கள். சம்பூர்ணம் இந்த முறை கீரையில் கத்தி வைக்கவில்லை; பொடியாக நறுக்கியதால்தான் அன்று சாம்பார் கருத்தது. பருப்பு குழைந்த பிறகு கீரையை முழுசாகப் போட்டு, பூண்டைத் தட்டிப் போட்டு, சட்டென்று இறக்கினாள். பச்சை மாறவில்லை.

சிந்து முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். எதிரே அரவிந்தன் பார்த்துக்கொண்டிருக்கும்போது துப்ப முடியுமா? இரண்டாவது வாய்க்குக் கண்ணை மூடவில்லை.

“எங்க சட்டிதான்க்கா ருசி!”

“இந்தா, எங்களுத நக்கிப் பாத்துட்டுப் பேசு!”

தட்டுகள் கை மாறின. சின்ன வகுப்புகளும் பங்கு கேட்டு வரிசையை உடைத்துக்கொண்டு வந்தன.

சத்தம் கேட்டு அண்ணாதுரை தட்டோடு வந்தார். “எனக்கும் கொஞ்சம் வைம்மா.”

அவள் இரண்டு சட்டிகளையும் சாய்த்துக் காட்டினாள். அடியில் கரண்டி உரசும் சத்தம் மட்டும் வந்தது.

“மிஞ்சல சார்,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் வெறும் தட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். வேறு ஆள் போடும் பேச்சு அன்றோடு சரி. கூரையில் செருகிய கத்தி அங்கேயே துருப்பிடித்தது.

“போர்டுக்கு எங்கடா தழ?” என்று பிள்ளைகளைக் கேட்டார்.

எல்லாரும் காலிச் சட்டிகளைக் கைகாட்டினார்கள். அடுத்த வாரம் முழுக்க அந்தப் பள்ளியில் கரும்பலகை வெளுத்தே கிடந்தது.