மேஸ்திரியின் நாலு ரிப்போர்ட்

அம்பத்தூர்ல ரத்த டெஸ்ட் லேபுல ரிப்போர்ட் கொடுக்கிற வேலை எனக்கு. பேப்பரை நீட்டினதும் "இன்னா போட்டுகீது?"ன்னு நம்மையே கேட்பாங்க. என்னை மாதிரி கவுண்டர்ல மாட்டினவங்களுக்கு இது புரியும். நான் படிச்சது அஞ்சாவது.

எதுக்கு ஹார்மோன்?

திருநின்றவூர் கோபால், கட்டட மேஸ்திரி. நுரையீரலுக்கு ரத்தம் போற குழாயில பிரஷர் ஏறிடுச்சு. நாலு படி ஏறினா நின்னு மூச்சு வாங்குவாரு. டாக்டர் ஹார்மோன் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தாரு. எதுக்குன்னு அவரு கேட்டாரு; எனக்கும் குழப்பம்தான், உள்ளே ரத்தம் எடுக்கிற சுமதியைக் கேட்டேன். இதயம் கஷ்டப்பட்டு இழுக்கும்போது அதுவே ஒரு ஹார்மோன் விடுமாம். அது கூடினா கஷ்டமும் கூடுதுன்னு அர்த்தமாம். அப்படியே சொன்னேன். கோபால் மீசையைத் தடவிக்கிட்டாரு.

"ஹார்மோன்லாம் பொம்பளைங்களுக்குதானே யக்கா?"

பாதியாயிடுச்சு

மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டு வந்தாரு. அந்த ஹார்மோன் முதல்ல நானூறு இருந்தது, இப்ப இருநூத்திப் பத்து. நான் சிரிச்சுக்கினே கொடுத்தேன். அவரு பெஞ்சுல உட்கார்ந்துட்டாரு. கொறையறதுதான் நல்லதுன்னு ரெண்டு தடவை சொல்லியும் மனசு ஆறல.

"பாதியா கொறஞ்சுட்டேன், நீ இன்னாக்கா சிரிக்கிற?"

ஆவடிப் பேப்பர்

அடுத்த தடவை அவரு வரல, சம்சாரம் செல்விதான் வந்தா. அம்பத்தூர் ஸ்டேஷன் படி ஏற முடியலன்னு ஆவடியிலேயே ஒரு லேபுல ரத்தம் கொடுத்திருக்காரு. ஆயிரத்து நானூறு. "முடிஞ்சுபோச்சு"ன்னு பூச்சுக் கரண்டி, ரசமட்டம்னு வேலை சாமான் எல்லாத்தையும் மச்சான்கிட்ட தூக்கிக் கொடுத்துட்டாராம். சோறும் இறங்கலையாம். அந்தப் பேப்பரையும் எங்க பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கினு உள்ளே ஓடினேன்.

சுமதி ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா. "யம்மா, ரெண்டும் அந்த ஹார்மோன் சமாச்சாரம்தான். ஆனா அது ரெண்டு துண்டா உடைஞ்சுதான் ரத்தத்துல வரும்; அவங்க அளந்தது ஒரு துண்டு, இங்க அளந்தது இன்னொரு துண்டு. அவங்க துண்டுல எண் பெருசாத்தான் வரும். இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கவே கூடாது"ன்னா. டாக்டருக்கு போன் போட்டாங்க. பழைய இடத்துலயே மறுபடி எடுக்கச் சொல்லிட்டாரு.

கோபாலை ஆட்டோவுல கூட்டிக்கினு வந்தாங்க. நூத்தித் தொண்ணூறு. செல்வி கவுண்டரைப் பிடிச்சுக்கினு அழுதா. அவரு பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கினாரு.

"கரண்டிய மச்சான்கிட்ட இன்னா சொல்லி திருப்பிக் கேக்கறது யக்கா?"

இதயம் ஒண்ணுதான், அது விடுறதை அளக்க லேபுக்கு லேபு ஏன் வேற வேற படி வச்சுகினு கீறாங்கன்னு எனக்கு இன்னும் விளங்கல.