மழையில் நிறுத்தாத பஸ்

டிப்ளமோ முடித்து, அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் சேர்ந்த முதல் வருடம். ஆண்டு விழா ஓட்டப்பந்தயத்துக்குப் பெண்களில் நான் மட்டும் பெயர் கொடுத்திருந்தேன். "பாதியில நின்னுடுவா, பாரேன்" என்று பிரிவில் டீக்குப் பந்தயம் கட்டினார்கள்.

மாற்றுடையைத் தொழிற்சாலையிலேயே வைத்துவிட்டு, மேனாம்பேட்டு வீட்டிலிருந்து தினமும் ஓடியே வேலைக்குப் போனேன். வெயிலுக்குத் தொப்பி, பனிக்கு மப்ளர், மழைக்குக் கம்பெனி பஸ். தூறல் விழுந்தால் டிரைவர் அண்ணன் நிறுத்துவார்.

"இன்னாம்மா, நனைஞ்சிகினு ஓடுற? ஏறு!"

மறுபேச்சில்லாமல் ஏறிவிடுவேன்.

பந்தயத்தன்று மழை கொட்டியது. ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள அதே பஸ் பின்னால் வந்தது. காலணிக்குள் தண்ணீர் சளசளக்க, எல்லோருக்கும் கடைசியாக ஓடிய நான் கையைக் காட்டினேன்.

அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டினார். "மழைன்னா ஏத்திகினு போயி நான்தாம்மா உன்னக் கெடுத்துட்டேன். இன்னிக்கு ஏத்த மாட்டேன். ஓடு, பின்னாலயே வரேன்!"

முடிவுக்கோடு வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். சிரித்துக்கொண்டே ஓடி முடித்தேன். கடைசி இடம்தான், ஆனால் நிற்கவில்லை.

உதவி என்றால் வண்டியை நிறுத்துவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமையும் மழை. பஸ் பக்கத்தில் வந்து மெதுவானது. போகச் சொல்லிக் கையசைத்தேன்.