யுத்த மணியும் பஞ்சாங்க மணியும்

அரியலூர் ஸ்டேஷனில் தந்தி குமாஸ்தாவாக இருந்த அமிர்தலிங்கத்துக்கு மணி விஷயத்தில் தலைக்கனம் உண்டு. யார் கேட்டாலும் நிமிஷத்தோடு சொல்வார். 'சுமார்' என்று எவனாவது வாயைத் திறந்தால் எரிந்து விழுவார். அவருக்குக் கீழே எட்டு வருஷம் இருந்து எல்லா வசவையும் வாங்கினவன் நான்.

அவருடைய ஒரே பிள்ளை வைத்திலிங்கம் பட்டாளத்தில் ஒயர்லெஸ்காரன். கொழும்பிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் நிற்காமல் கடல்மேல் பறக்கப் புறப்பட்ட விமானத்தில், நாற்பத்து மூன்று ஆவணியில், அவனும் போனான். விமானம் போய்ச் சேரவில்லை. கடைசிச் சேதி வந்த தேதியும், கிரீன்விச் மணிப்படி 0.40 என்ற நேரமும் பட்டாளத்திலிருந்து வந்த கடுதாசியில் இருந்தன. பாவிகள், அதற்கு மேல் ஒரு வரி எழுதவில்லை.

"அந்த நேரத்துல என்ன திதிங்க? அதையாச்சும் சரியாச் சொல்லுங்க. எலை போடணும்ல" என்றாள் அவர் சம்சாரம் குஞ்சம்மாள்.

அமிர்தலிங்கம் அழுதுகொண்டே கணக்குப் போட்டார். கிரீன்விச்சோடு ஆறரை மணி கூட்டினால் எங்கள் ஸ்டேஷன் கடிகாரம். ஆக, காலை 7.10. பஞ்சாங்கத்தில் சதுர்த்தி காலை 6.45 வரை, பிறகு பஞ்சமி. "பஞ்சமி. சரிதானாடா இளையபெருமாள்?" என்றார். நானும் கூட்டிப் பார்த்துத் தலையாட்டித் தொலைத்தேன். மாசாமாசம் பஞ்சமியில் படையல் போட்டார்கள். அடுத்த இரண்டு ஆவணியிலும் வருஷத் திதி பஞ்சமியில்தான்.

நாற்பத்தைந்து அக்டோபரில், சண்டை முடிந்த கையோடு, கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ள உத்தரவு வந்தது. சண்டைக்காக சர்க்கார் கூட்டி வைத்திருந்த மணி அது. ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டேய், பஞ்சாங்கத்துல இருக்கறது பழைய மணிடா. 7.10 இல்ல, 6.10. சதுர்த்திடா!"

தினம் அந்தக் கடிகாரத்தின் கீழேயே உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லையே! "வூட்ல சொல்லாதீங்க சார், அம்மா தாங்க மாட்டாங்க" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே? நேரே போய்ச் சொல்லிவிட்டார். பின்னாலேயே ஓடிய நான் வாசலில் நின்றேன்.

குஞ்சம்மாள் கத்தவில்லை. "அப்படின்னா எம்புள்ள ஒவ்வொரு தடவையும் முந்தின நாளே வந்து, எலை போடாத வூட்டப் பாத்துட்டு, பட்டினியாத் திரும்பிப் போயிருக்கான்" என்றாள். எழுந்துபோய் உலை வைத்தாள்.

"இன்னிக்குச் சதுர்த்தி இல்ல, குஞ்சு" என்றார் அவர்.

"உங்க கணக்கு போதுங்க" என்றாள். "புள்ள பசியோட நிக்கிறான்."