தங்கை என்பதற்கு அத்தாட்சி

எங்கள் பொறியியல் கல்லூரியில் இரண்டு மாடிப்படிகள். பச்சைக் கைப்பிடி வைத்தது ஆண்களுக்கு, மஞ்சள் பெண்களுக்கு. கேன்டீனில் ஜன்னல் தனி, பேருந்தில் கதவு தனி. வளாகத்தில் ஓர் ஆணும் பெண்ணும் பேசினால் அடையாள அட்டை பறிபோகும். தொண்ணூறுகளில் தாம்பரம் பக்கத்துப் பெற்றோர் பலர் இதையெல்லாம் விசாரித்துத்தான் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். என் பக்கத்து இருக்கைத் தோழியின் அப்பாவும் அப்படித்தான். "அங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று பெருமையாகச் சொல்லி, மகனையும் மகளையும் அங்கேயே சேர்த்தார்.

அண்ணன் இறுதியாண்டு, அவள் இரண்டாமாண்டு. நானும் வரும் மின்ரயிலில் குரோம்பேட்டையிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். கல்லூரி வாசலில், "இனிமே நீ யாரோ, நான் யாரோ. டிபன் பாக்ஸ மாத்தி எடுத்துட்டுப் போயிடாத, குண்டு" என்பான். "போடா அண்ணா" என்பாள். ஒருநாள் மாறித்தான் போனது. திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் அவனுடைய மலை போன்ற தயிர்சாதத்தை நாங்கள் நாலு பேர் தின்று தீர்த்தோம்.

ஒரு பிற்பகல் நான் மஞ்சள் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே அவள் அண்ணனை உடற்பயிற்சி ஆசிரியர் மறித்து நின்றார்.

"இன்னாப்பா, லேடீஸ் பக்கம் எங்க ஓடுற?"

"என் தங்கச்சியக் கூப்பிடணும் சார். அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக்காம், ஆபீஸுக்கு போன் வந்துச்சு."

"இங்க எல்லாருக்கும் எல்லாப் பொண்ணுங்களும் தங்கச்சிதான். அப்பாகிட்ட லெட்டர் வாங்கிட்டு வா."

"அவருக்குத்தான் சார்..."

நான் ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தேன். அவள் அழுதும் ஒரு பையனோடு வெளியே அனுப்ப ஆசிரியருக்குத் துணிவில்லை. "நீ முன்னால போ அண்ணா" என்றாள். "உன்ன விட்டுட்டு எப்படிப் போறது?" என்று அவன் அங்கேயே நின்றான். அலுவலகத்தில் பதிவேடுகளைத் தேடி, இருவருக்கும் ஒரே அப்பாதான் என்று உறுதிசெய்வதற்குள் கடைசி மணி அடித்துவிட்டது. அவர்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த அப்பா இல்லை.

பெண்களின் பாதுகாப்புக்கான விதி என்றார்கள். அன்று எல்லாரும் அதை ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தார்கள். யாரைத் தனியாகக் குற்றம் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. எங்களைக் கண்டதும் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் அந்த விதியின் அடிப்படை. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

காரியம் முடிந்து அம்மாவின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொண்டுவந்தாள். உடற்பயிற்சி ஆசிரியர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "இனிமே உங்க அண்ணன்கூட எங்க வேணா பேசும்மா. யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

"சரி சார்" என்றாள்.

அவன் படித்து முடித்துப் போகும்வரை அந்த வளாகத்துக்குள் அவர்கள் பேசி நான் பார்க்கவில்லை. ரயிலிலும் அவன் வாசலோரம் நின்றான். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.